அறுந்த கம்பியில் வந்த கரண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மின்சாரம் ஒரே திசையில்தான் வந்தது. சமவெளியிலிருந்து மலையேறி கொடைக்கானலுக்கு வரும். அங்கிருந்து பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலைக்குப் போகும். நடுவில் எங்காவது நிறுத்திவிட்டால் அதற்கு அப்பால் இருப்பது செத்த கம்பி. வாய்க்காலில் மடையை அடைத்தால் கீழ்வயலுக்குத் தண்ணீர் போகாது, அவ்வளவுதான் கணக்கு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி, பிறகு மற்றவர்களை ஏற்றி, போர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கணக்கு எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாமல் போனதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். உதவிப் பொறியாளர் போனில் கூப்பிட்டு, "உங்க மிக்ஸி கதைதாங்க வேணும். வேற எதையும் எழுதிறாதீங்க" என்றார். என் மிக்ஸி கதை இந்த மலையில் ரொம்பப் பிரசித்தம். நான் ஓய்வு பெற்ற அன்று மேடையில் மூன்று பேர் அதைச் சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தக் கதையை நான் இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சால்வைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்தில் நான் இருந்தேன் ஐயா, எனக்குத் தெரியும். கம்பியில் கை வைக்க வேண்டுமென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று துணைமின் நிலையத்திலிருந்து அனுமதி வர வேண்டும் அல்லவா, அந்த 'லைன் கிளியர்' எங்களுக்குச் சீட்டில் எழுதி ஆள் மூலமாக வந்தது. ஒருமுறை சாரலில் ஆறு மைல் நடந்து கொண்டுவந்த சீட்டு நனைந்து மை பரவிவிட்டது. எங்கள் போர்மேன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுத்துத் தெரியல. திருப்பி எழுதி வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். கொண்டுவந்த நானே, நிறுத்திவிட்டார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன். "நீ பாத்தது அப்ப" என்றார், அவ்வளவுதான். மறுபடி பன்னிரண்டு மைல். வழி நெடுக அவருடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே நடந்தேன். நீங்கள் இன்று பையிலிருந்து போனை எடுத்து அரை நிமிஷத்தில் வாங்குகிறீர்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருஷம் மேல்மலையில் ஒரு தெருவுக்கு முதன்முதலாகக் கரண்டு கொடுத்தோம். சுவிட்சைப் போட்டதும் அந்த வீட்டு அம்மா பல்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். "இம்புட்டுக் கரியாவா கெடந்துச்சு என் வீடு" என்றார். மறுநாள் காலையில் போனால் தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்தது வீட்டுக்கு ஒரு பல்பு. அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புதுச் சாமான் வந்தால் மனுஷன் கெட்டுப்போவான் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சுண்ணாம்பு வாடைதான் ஞாபகம் வரும்.

இதை நினைவில் வைத்திருந்த நானே பின்னாளில் மறந்தேன். அதுதான் கதை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மலையைப் புயல் புரட்டிப் போட்டது. யூகலிப்டஸ் மரங்கள் ரோட்டின் குறுக்கே வரிசையாகப் படுத்துவிட்டன. கம்பங்கள் எத்தனை போயின என்று எண்ணுவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டோம். ஆறாம் நாள் மன்னவனூருக்கு அப்பால் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஊர் பேர் வேண்டாம். உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற நாற்பது வீடு. ரோட்டு ஓரம் டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து தெரு படியாகக் கீழே இறங்கி, மலை மடிப்பில் வளைந்து, அந்தப் பக்கம் போய் முடியும்.

இரண்டு ஜீப்பில் கிளம்பினோம். முன் ஜீப்பில் நான், வேலுச்சாமி, இன்னும் இரண்டு பேர். பின் ஜீப் பாதி வழியில் சேற்றில் அமுங்கிவிட்டது. எர்த் ராடு அதில்தான் இருந்தது. நம் வேலைக்கு வெளியே இருக்கிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: கம்பியைக் கையால் தொடுவதற்கு முன் அதை மண்ணோடு இணைக்கிற தடி அது. கம்பியில் தெரியாமல் மின்சாரம் இருந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும், ஆளுக்குள் இறங்காது. அந்தத் தடியைப் போடாமல் தொடக் கூடாது என்பது நம் வேலையின் முதல் பாடம். ஜீப்பைத் தூக்கி வெளியே எடுக்க எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று டிரைவர் சொன்னான்.

ஊருக்குள் நுழையும்போதே ஒருவர் ஓடி வந்தார். "சார், பெருமாள்னு ஒருத்தரு ஆக்ஸிஜன் மிஷின்ல கெடக்காருங்க. நெஞ்சு பூரா கெட்டுப்போச்சு. கொஞ்சம் வெரசாக் குடுங்க சார்."

எனக்குப் பதறிவிட்டது. டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓடிப் பார்த்தேன். முதல் கம்பத்துக்கும் இரண்டாம் கம்பத்துக்கும் நடுவே ஒரு பெரிய மரம் விழுந்து கம்பிகளை அறுத்துக் கொண்டுபோய்விட்டது. இரண்டாம் கம்பத்திலிருந்து அப்பால் கம்பிகள் ஒழுங்காக நின்றன. நடுவில் புதுக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டும், ஒன்றரை மணி நேர வேலை. துணைமின் நிலையத்துக்குப் போன் போட்டு லைன் கிளியர் வாங்கினேன். டிரான்ஸ்பார்மர் பீஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணே, ராடு?" என்று கேட்டான் வேலுச்சாமி.

"ஏலே, கம்பியே அறுந்து கெடக்கு. அறுந்த கம்பியில எங்கேருந்துடா கரண்டு வரும்? அங்க ஒரு மனுஷன் மூச்சுக்கு இழுத்துக்கிட்டு இருக்கான். ஏறு" என்றேன்.

இந்த வரியைத்தான் இத்தனை வருஷமாக நான் கதையில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

வேலுச்சாமிக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் சொல்லுக்கு மறு சொல் சொன்னதில்லை. இரண்டாவது கம்பத்தில் ஏறத் தொடங்கினான். கையுறை போட்டிருந்தான்தான், ஆனால் காலையிலிருந்து மழையில் நனைந்து உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கீழே எங்கள் ஆள் ஒருவன் ரம்பத்தால் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. மூடுபனி வேறு. வேலுச்சாமி மேலே போய் இடுப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சாய்ந்து, கையை நீட்டினான்.

அந்த நேரத்தில் ரம்பத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றது.

கம்பத்துக்கு நேர் கீழே இருந்த வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கர்ரென்று இரண்டு சுற்று. நின்றது. மறுபடி ஒரு சுற்று. நம் எல்லார் வீட்டிலும் தினமும் கேட்கிற சத்தம்தான். எனக்கு அது என்ன என்று விளங்க ஒரு விநாடி பிடித்தது.

ஆறு நாளாகக் கரண்டு இல்லாத ஊரில் மிக்ஸி ஓடுகிறது.

"வேலு, கைய எடு. கம்பியத் தொடாத. கைய எடுத்துட்டு அப்படியே எறங்கு" என்று கத்தினேன். அவன் கைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான், கையை மடக்கினான், இறங்கினான். அவன் கால் தரையில் பட்ட பிறகுதான் நான் நகர்ந்தேன்.

அந்த வீட்டுக்குள் ஓடினேன். ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஒரு அம்மா மிக்ஸி ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தார். பேச்சியம்மா என்று பேர். "ரெண்டே சுத்துதாங்க சுத்துனேன். இவருக்கு எதையும் மெல்ல முடியாது, சோத்த மசிச்சுத்தான் குடுக்கணும். தங்கராசு தம்பிகிட்ட சொல்லிப்புடாதீங்க" என்றார். உள்ளே கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி அவருடைய வீட்டுக்காரர் இருந்தார். அவர்தான் பெருமாள். மூக்கில் குழாய். கட்டிலுக்குக் கீழே ஆக்ஸிஜன் மிஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் கரண்டு எங்கேருந்துக்கா வருது?"

"தங்கராசு வீட்டு ஜெனரேட்டருதாங்க. தெருவுக்கே அதுலருந்துதான்."

தங்கராசு என்பவன் தெருவின் அந்தக் கோடியில், மலை மடிப்புக்கு அப்பால், டூரிஸ்டுகளுக்குக் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறவன். ஆள் அனுப்பியதும் ஓடி வந்தான். முகத்தில் பெருமை பொங்குகிறது. "பெருமாளு மாமாவுக்காகத்தாங்க மொதல்ல ஓட்டுனேன். வயரு அம்புட்டுத் தூரம் இல்ல. நம்ம லைன் கம்பி சும்மாதான கெடக்குன்னு அதுல கோத்து விட்டேன். அப்படியே தெருவுக்கே ஆளுக்கொரு பல்பு எரியுது சார். வேற எதுவும் போடக் கூடாதுன்னு கட்டுப்பாடு. மிக்ஸி, ஹீட்டரு, டிவி ஒண்ணும் கெடையாது."

பேச்சியம்மா மிக்ஸியை முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது எனக்கு. உன் ஜெனரேட்டர் என் ஆளைக் கொன்றிருக்கும் என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்துப் போனது. அவனுக்கு இது தெரியவே தெரியாது. கரண்டு போன ஊரில் கம்பி வெறும் கம்பி என்று நான் நினைத்தது போலவேதான் அவனும் நினைத்திருக்கிறான். நாங்கள் ஏறப் போகிறோம் என்றும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மேல் கத்திக்கொண்டிருக்கும்போதே என் வாய் அடங்கிவிட்டது. ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஊர் முகப்பில் அந்த ஆள் ஓடி வந்து, ஆக்ஸிஜன் மிஷினில் ஒருத்தர் கிடக்கிறார் என்று சொன்னபோது, நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஆறு நாள் கரண்டு இல்லாமல் அவர் எப்படி உயிரோடு இருக்கிறார்?

அதை நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். நான் போனால்தான் அந்த ஊருக்கு வெளிச்சம் என்று என் மண்டைக்குள் ஏறிப் போயிருந்தது. அவர்கள் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு எனக்காக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்களாக ஏதாவது செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் அவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். டிராக்டரிலும் பவர் டில்லரிலும் இருந்த டீசலை வீட்டுக்கு வீடு இறக்கிக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். ஒரு மனுஷனின் மூச்சுக்காக நாற்பது வீட்டில் சட்னி அரைக்காமல் இருந்திருக்கிறார்கள். நான் சேர்ந்த காலத்தில் இந்த ஜனங்களுக்குப் பல்பு மாட்டவே பயம். இப்போது அவர்களே ஒரு மின்சார வாரியம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கோபமும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

சரி, அடுத்து என்ன? கம்பி இழுக்க வேண்டுமென்றால் ஜெனரேட்டரைக் கம்பியிலிருந்து கழற்ற வேண்டும். கழற்றினால் பெருமாளுக்கு மிஷின் நின்றுவிடும். சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று இருந்தது, அது மூன்றாம் நாளே காலி.

"மிஷின் இல்லாம எவ்வளவு நேரம் தாங்குவாரு?" என்று பேச்சியம்மாவிடம் கேட்டேன்.

"டீசல் ஊத்துறப்ப நிறுத்துவாங்க. பத்து நிமிசம் தாங்குவாரு. அதுக்கு மேல போனா ஒதடு நீலம் பாஞ்சிரும்."

அவரைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் இருக்கிற இடத்துக்குப் போகலாமா என்றால், வெளியே குளிர் காற்று பட்டால் இருமல் வரும், வந்தால் நிற்காது என்றார். வயர் இழுக்கலாமா என்றால் அத்தனை தூரத்துக்குத் தாங்குகிற வயர் ஊரில் இல்லை. கோயில் மைக்செட் வயரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது சூடேறிப் பற்றிக்கொள்ளும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானும் என் ஆள்களும் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பேச்சியம்மாதான் சொன்னார். "ஜெனரேட்டர இங்க தூக்கிட்டு வந்தா என்னங்க?"

தூக்குவதென்றால் நூறு கிலோவுக்கு மேல். வழி முழுக்கப் படி, பாசி, மழைத் தண்ணீர். தங்கராசு யோசிக்கவே இல்லை. "தொட்டில் கட்டிருவோம்" என்றான்.

தொட்டில் என்றால் உங்களில் மேல்மலைக்காரர்களுக்குத் தெரியும். ரோடு வராத நாளில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, இரண்டு கம்பில் கட்டி, தோளில் சுமந்து கீழே கொண்டுபோவார்கள். புயலில் விழுந்த யூகலிப்டஸிலேயே இரண்டு கம்பு வெட்டினார்கள். மாட்டுக் கயிறு வந்தது. வயசான ஒருவர் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "எங்கம்மாவ இப்படித்தான் பூம்பாறை வரைக்கும் கொண்டுக்கிட்டுப் போனோம். போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டா" என்றார். சொல்லிவிட்டு முடிச்சை இழுத்துப் பார்த்தார். அன்றைக்கு ஆளைக் கரண்டும் ஆஸ்பத்திரியும் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்றைக்குக் கரண்டை ஆள் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வரப் போகிறார்கள். அழுதுவிடுவேனோ என்று பயந்து வயரைச் சீவ உட்கார்ந்துவிட்டேன்.

நான் பெருமாள் வீட்டில் வயரைத் தயாராக வைத்துக்கொண்டேன். வேலுச்சாமி அந்தக் கோடியில் நின்று போனில், "இப்ப நிறுத்துறோம்ணே" என்றான். மிஷின் நின்றது. வீட்டுக்குள் அப்படி ஒரு அமைதி. பெருமாள் பேச்சியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட ஆரம்பித்தார். நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு நிமிஷத்தில் மலை மடிப்பைத் தாண்டிவிட்டார்கள், தூக்கி வருகிறவர்களின் சத்தம் கேட்டது. ஆறாவது நிமிஷம் சத்தம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். தெருத் திருப்பத்தில் பூண்டு காயப்போடுகிற ஒரு அறையின் கற்சுவர் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் தோளோடு தொட்டில் அதில் திரும்பவில்லை. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. தூக்கியிருந்தவர்களில் ஒருவர், "என் செவருதான, இடிங்க" என்றார். பின்னால் வந்தவர்கள் கடப்பாரையைப் போட்டார்கள். கல் சரிந்தது, உள்ளே தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டுகள் தெருவில் விழுந்தன, அவற்றை மிதித்துக்கொண்டே வந்தார்கள். சைலன்ஸர் சூட்டில் ஒருவருக்குத் தோள் வெந்திருந்தது. அவர் அதை இறக்கி வைத்த பிறகுதான் சொன்னார்.

ஒன்பது நிமிஷம். பெருமாளின் உதடு நிறம் மாற ஆரம்பித்திருந்தது. வாசலில் இறக்கி வைத்ததும் வேலுச்சாமி ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தான், கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் வயரைச் சொருகினேன். மிஷின் பீப்பென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது. பிறகு பெருமாள் கண்ணைத் திறந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "என்ன பேச்சி, பூண்டு வாடை அடிக்குது" என்றார். பேச்சியம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பின் ஜீப் வரும்வரை நான் ஒருவரையும் கம்பத்தின் பக்கம் விடவில்லை. ராடு வந்தது, போட்டோம், கம்பி இழுத்தோம், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவுக்குக் கரண்டு கொடுத்தோம். இடித்த சுவரை ஊரே சேர்ந்து மறுநாள் கட்டிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் கம்பத்தைப் பார்க்கும் முன் ஆள்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். "இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" அதற்கு வருகிற பதிலில் உங்கள் உயிர் இருக்கிறது. ஒருத்தர் இன்வெர்ட்டர் என்பார், ஒருத்தர் கூரையில் சோலார் என்பார், வட்டக்கானலில் ஒரு லாட்ஜ்காரர் கார் பேட்டரியிலிருந்து எடுத்ததைக் காட்டினார். இப்போது எல்லா வீட்டிலிருந்தும் கம்பிக்குக் கரண்டு வரலாம். கம்பியின் இரண்டு நுனியிலும் இன்று ஆள்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மூளை இருக்கிறது. இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். என் காலத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் இதுதான், எனக்கு இதில் சந்தோஷம்தான்.

உதவிப் பொறியாளர் கேட்ட கதை இதோடு முடிந்தது. மேடையில் சொல்கிறவர்களும் இங்கேதான் நிறுத்துவார்கள். போர்மேனுக்கு என்ன காது பாருங்கள் என்பார்கள். வேலுச்சாமியின் மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டுக்கு வந்து, "எம்புருசன் உசுரு நீங்க குடுத்தது" என்று சொல்லிப் பலகாரம் வைத்துவிட்டுப் போவாள். அந்த அதிரசம் எனக்குத் தொண்டையில் இறங்காது. காது கேட்டது தற்செயல். ராடு இல்லாமல் ஏறச் சொன்னது நான். இதை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. அவனிடம் சொல்லாததை உங்களிடம் எப்படிச் சொல்வது? போன வாரம் வெள்ளனே எழுந்து அவனைப் பார்க்க மன்னவனூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

வேலுச்சாமி இப்போது லைன் இன்ஸ்பெக்டர். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. லீவு போட்டுவிட்டுப் பூண்டு நடவில் நின்றுகொண்டிருந்தான். வரப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அன்னைக்கு ஒன்ன சாகக் குடுக்க இருந்தவன் நான்தான்டா, காப்பாத்துனவன் இல்ல என்றேன்.

அவன் கைமண்ணைத் தட்டிக்கொண்டான். "தெரியும்ணே" என்றான்.

"என்ன தெரியும்?"

"ராடு இல்லாம ஏறக் கூடாதுன்னு எனக்கு மட்டும் தெரியாதா? கேட்டேன்ல. கம்பத்துல பாதி ஏறுறப்பயே கால் நடுங்குச்சு. தப்பு பண்றோம்னு தெரிஞ்சுதான் ஏறுனேன்."

"பின்ன ஏன்டா ஏறுன?"

"நீங்க சொன்னீங்களேண்ணே."

இத்தனை வருஷமாக என் தப்பு அவனுக்குத் தெரியாது என்பதுதான் என் பாரமாக இருந்தது. தெரிந்தே ஏறியிருக்கிறான் என்பது அதைவிடப் பெரிய பாரமாக வந்து உட்கார்ந்தது. எனக்குப் பயந்ததைவிட அவன் சாவுக்குக் குறைவாகப் பயந்திருக்கிறான். அப்படி ஒரு ஆளாக நான் அவனுக்கு மேலே இருந்திருக்கிறேன்.

அவன்தான் மறுபடி பேசினான். "போன மாசம் ஒரு சங்கதிண்ணே. கூக்கால் ரோட்டுல லைன் அறுந்து கெடந்துச்சு. ராடு செக்‌ஷன் ஆபீஸ்லயே நின்னு போச்சு. ஊர்ல கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சுத்தி நின்னு கத்துறாங்க. நான் ஏறச் சொல்லிட்டேன். வேலைக்குச் சேந்து ஆறு மாசம்கூட ஆகாத பையன். எல்லார் முன்னாடியும், 'ஏற மாட்டேன் சார், ராடு வரட்டும்'னு சொல்லிட்டான்."

"நீ என்ன பண்ணுன?"

"சுருக்குன்னு கோவம் வந்துச்சு. நம்ம சோலியப் பத்தி இவன் எனக்குச் சொல்றானான்னு. அப்பறம் என்னவோ, அந்தக் கம்பத்துல என் கால் நடுங்குனது ஞாபகம் வந்துருச்சு. ஜீப்ப அனுப்பிட்டு ரெண்டு மணி நேரம் ரோட்டுல உக்காந்திருந்தேன். கல்யாணத்துக்காரங்க வாய்க்கு வந்தபடி திட்டுனாங்க. அவனும் பக்கத்துல உக்காந்து திட்டு வாங்குனான். ஒரு வார்த்தை நாங்க பேசிக்கல." நடவைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அந்த வயசுல அந்த வாய் இல்லண்ணே" என்றான்.

அந்தத் தம்பியின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன். இதைப் படிக்கிறவர்களில் அவனும் இருப்பான். அவன் கூச்சப்படக் கூடாது என்று பெயரை இங்கே போடவில்லை. சீட்டில் வந்த அனுமதி போனில் வந்ததைப் பார்த்தேன். கரி படிந்த சுவரில் பல்பு எரிந்ததைப் பார்த்தேன். ஜெனரேட்டர் தோளேறி வந்ததைப் பார்த்தேன். ஆனால் முப்பத்தைந்து வருஷத்தில் ஒருநாள்கூட, ஒருத்தன் கம்பத்தடியில் நின்று தன் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து ஏற மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. நானும் சொன்னதில்லை. எனக்குக் கீழே இருந்த யாரையும் சொல்ல விட்டதுமில்லை. வியாழக்கிழமை அந்தத் தம்பியைப் பார்க்கப் போகிறேன்.